எண்ணெய் போயிற்று, சேறு என்னாயிற்று?

ஓர் எண்ணெய்க் கசிவு நேர்ந்ததும் நாளிதழ்கள் இரண்டு எண்களைத் தேடுகின்றன. எவ்வளவு எண்ணெய் கொட்டியது? எவ்வளவு எண்ணெய் அள்ளப்பட்டது? முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும் என்பது போலவே செய்திகள் எழுதப்படுகின்றன. சில வாரங்களில் நீரின் மேற்பரப்பு தெளிந்துவிடும். படகுகள் மீண்டும் புறப்படும். 'தூய்மைப் பணி நிறைவுற்றது' என்ற வரியோடு செய்தியும் நிறைவுறும்.

இந்தக் கணக்கு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். சதுப்பு நிலத்தில் எண்ணெய் செய்யும் பெருந்தீங்கு நீரின் மேல் நிகழ்வதில்லை. நீருக்கடியில், சேற்றின் மேற்புறத்திலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள், வேர்கள் மூச்சு விடும் இடத்தில் அது நிகழ்கிறது. அந்த ஒரு சாண் மண்ணை அளக்காத எந்த அறிக்கையும் முழுமையான அறிக்கை ஆகாது. 'எண்ணெய் தின்னும் பாக்டீரியா', 'மாசை உறிஞ்சும் செடி' என்று நாம் பத்திரிகைகளில் வியந்து படிக்கும் செய்திகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சேற்றுக்குள் ஒரு மூச்சு

வாசகர்களே, இதற்குக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரையே எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்த வட்டாரம் அது. அங்கு ஏரிக்குக் கீழே உள்ள ஒரு நன்செய் வயலில் நெற்பயிர் ஒன்றை வேரோடு பிடுங்கி, நீரில் மெல்ல அலசிப் பாருங்கள். சுற்றிலும் உள்ள சேறு கருநீலமாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். வேரின் மேலோ துருப்பிடித்த ஆணியின் செம்பழுப்பு நிறம் படிந்திருக்கும். உழவர்கள் நாள்தோறும் காணும் காட்சிதான். ஆனால் இதற்குள் சதுப்புத் தாவரங்களின் வாழ்க்கை இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வயலில் நீர் தேங்கிய ஓரிரு நாட்களுக்குள் மண்ணிலிருக்கும் ஆக்சிஜனை அங்குள்ள நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் அவை வேறு பொருள்களைக் கொண்டு 'மூச்சு' விடத் தொடங்குகின்றன. முதலில் நைட்ரேட்டு, பிறகு மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள், அதற்கும் பிறகு சல்பேட்டு என்ற வரிசையில் இது செல்கிறது. எல்லாம் தீர்ந்தபின் மீத்தேன் வாயு உண்டாகிறது. சேறு கறுப்பதும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழுவதும் இவ்வரிசையின் பிற்பகுதிக்கு அடையாளங்கள்.

இத்தகைய மண்ணில் நிலக்கடலையின் வேர் மூச்சுத் திணறிச் செத்துவிடும். நெல் பிழைக்கிறது. காரணம், அதன் தாளிலிருந்து வேர்வரை காற்றறைத் திசு ஒன்று குழாய்போல் ஓடுகிறது. இலை வழியே நுழையும் ஆக்சிஜன் அக்குழாயில் இறங்கி வேரை அடைகிறது. வேர் தன் தேவைக்குப் போக மிஞ்சியதைச் சுற்றியுள்ள சேற்றில் கசியவிடுகிறது. சேற்றில் கரைந்துள்ள இரும்பு அந்த ஆக்சிஜனோடு கூடித் துருவாகி வேர்மேல் படிகிறது. நாம் கண்ட செம்பழுப்பு நிறம் இதுவே. வேரைச் சுற்றி ஒரு சில மில்லிமீட்டர் தடிப்பில் மட்டும் காற்றுள்ள உலகம் ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பால் காற்றற்ற உலகம்.

கோரை, சம்பு, நாணல் ஆகியவையும் இந்த உத்தியையே கையாளுகின்றன. கடலோர அலையாத்தி மரங்கள் ஒரு படி மேலே போயிருக்கின்றன. வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்ததுபோல் ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் மேல்நோக்கி நிற்கும். அவற்றின் மேற்பட்டையில் நுண்துளைகள் உண்டு. நீர் வற்றும் வேளையில் அத்துளைகள் வழியே காற்று நுழைந்து நிலத்தடி வேர்களுக்குச் செல்கிறது.

இந்த வேரோர மண்ணுக்கு 'வேர்மண்டலம்' என்று பெயர். 1904இல் ஜெர்மானிய அறிவியலாளர் லோரென்ஸ் ஹில்ட்னர் இக்கருத்துக்குப் பெயர் சூட்டினார். வேர்கள் சர்க்கரை, அமிலம் முதலியவற்றைக் கசியவிடுவதால் அங்கு நுண்ணுயிர்கள் பெருகுகின்றன என்பதை அவர் கவனித்தார். சதுப்பு நிலத்திலோ உணவோடு காற்றும் சேர்ந்து கிடைக்கிறது. எனவே ஒரு கைப்பிடிச் சேற்றில் மிகச் சுறுசுறுப்பான பகுதி வேரோரமே.

எண்ணெய் நுழைந்தால்

கச்சா எண்ணெய், டீசல், உலை எண்ணெய் ஆகிய எல்லாம் ஹைட்ரோகார்பன்களின் கலவைகள். கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஆயிரக்கணக்கான சேர்மங்கள். இவை சதுப்புத் தாவரத்தை ஒரே வழியில் தாக்குவதில்லை. குறைந்தது நான்கு வழிகளைப் பிரித்துக் காண வேண்டும்.

முதலாவது, மூச்சடைப்பு. கனமான எண்ணெய் தார்போல் மூச்சுவேரின் துளைகளை மூடிவிடுகிறது. எண்ணெய்ப் படலம் மூச்சை அடைக்கும் என்பது நம் மக்களுக்குப் புதிதன்று. கொசுப் புழுவை ஒழிக்கக் குட்டையில் எண்ணெய் ஊற்றியதும், நெல்லில் கூண்டுப்புழுவை விழச்செய்யத் தேங்கிய நீரில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுப் பயிர்மேல் கயிறு இழுத்ததும் இந்த அறிவால்தான். கயிறு இழுத்தபின் அந்நீரை வடித்துவிட வேண்டும் என்பதும் அம்முறையின் ஒரு பகுதி என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அலையாத்திக் காட்டில் வடிக்க மடை இல்லை.

இரண்டாவது, நஞ்சு. டீசல் போன்ற இலேசான எண்ணெய்களில் அரோமாட்டிக் சேர்மங்கள் மிகுதி. இவை கொழுப்பில் எளிதாகக் கரைவதால் உயிரணுச் சவ்வுகளைச் சிதைக்கின்றன. அலையாத்தியின் வேர்ச் சவ்வு கடல்நீரின் உப்பைத் தடுத்து நிறுத்தும் வாயிற்காவலன். அது பழுதடைந்தால் உப்பு உள்ளே புகுந்து மரத்தின் நீர்ச் சமநிலை குலைகிறது. இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. இது நேர்வதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஆகவே கசிவு நேர்ந்த பத்தாம் நாள் 'மரங்கள் பசுமையாகவே உள்ளன' என்று சொல்வதில் எந்தப் பொருளும் இல்லை.

மூன்றாவது, பசி. எண்ணெயில் கரிமம் மிகுதி. நைட்ரஜனும் பாஸ்பரசும் இல்லையென்றே சொல்லலாம். எண்ணெயை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் தம் உடலைக் கட்ட மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன. செடிக்குக் கிடைக்க வேண்டிய ஊட்டம் குறைகிறது. பச்சை வைக்கோலை வயலில் மடக்கி உழுதவுடன் நாற்று நட்டால் பயிர் சில நாள் வெளிறிப்போவதை உழவர்கள் அறிவார்கள். அதே விளைவுதான் இதுவும்.

நான்காவது, பழுப்பு வளையத்தின் அழிவு. இதுவே நுட்பமானது. எண்ணெய் சிதைய ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிராம் எண்ணெய் முற்றும் சிதைந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற ஏறத்தாழ 3.4 கிராம் ஆக்சிஜன் தேவை. நம் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருப்பது சுமார் 7.5 மில்லிகிராம்தான். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராம் எண்ணெய்க்கு 450 லிட்டர் நீரிலுள்ள ஆக்சிஜன் முழுவதும் வேண்டும்! வேர் கசியவிடும் சொற்ப ஆக்சிஜனை எண்ணெய்ச் சிதைவு விழுங்கிவிட்டால், வேரைக் காத்துநின்ற வளையம் சுருங்குகிறது. கடலோரச் சேற்றில் சல்பேட்டு ஏராளம். அதைக்கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. துரு வளையம் இருக்கும்வரை அந்த நஞ்சு வேரை எளிதில் அணுகாது. வளையம் போனபின் தடுப்பார் இல்லை.

பாராட்டுப் பெற்ற பாக்டீரியா

இப்போது பத்திரிகைச் செய்திகளுக்கு வருவோம். எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் உண்மையிலேயே உண்டு. அவை எல்லாக் கடல்களிலும் எல்லா மண்ணிலும் சிறு எண்ணிக்கையில் வாழ்கின்றன. வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, பல ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கும் திறன்களை ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் கொண்டுவந்தார். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உயிரிக்குக் காப்புரிமை வழங்கலாம் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு உலகப் புகழ் பெற்றது. ஆயினும் அந்தப் பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கிவிடப்பட்டதில்லை. இந்தப் பிற்பகுதியை நம் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

புதுதில்லியின் டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' என்னும் பாக்டீரியாக் கலவை, சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்க் கசடைச் சிதைக்க நம் நாட்டில் நல்ல முறையில் பயன்பட்டிருக்கிறது. அங்கு என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். கசடை நிலத்தில் பரப்பிக் கலவையையும் ஊட்டச் சத்தையும் இட்டு, அவ்வப்போது உழுது காற்றூட்டுகிறார்கள். பாக்டீரியாவுக்குப் பாராட்டுக் கிடைக்கிறது, கலப்பைக்குக் கிடைப்பதில்லை! அலையாத்திச் சேற்றில் உழ முடியுமா? உழுதால் எண்ணெய் ஆழத்துக்குப் போகும்; வேர்கள் அறுபடும். அங்கே கலப்பையின் வேலையைச் செய்ய வல்லது வேர் ஒன்றே. அந்த வேரைத்தான் எண்ணெய் முதலில் முடக்குகிறது.

செடிகளைப் பற்றிய செய்தியும் இவ்வாறே. 1950களிலேயே ஜெர்மானிய ஆய்வாளர் கேத்தே சைடல் கோரைவகைச் செடிகளைக் கொண்டு பீனால் கலந்த கழிவு நீரைத் தூய்மைப்படுத்திக் காட்டினார். இன்று ஓமான் நாட்டின் நிம்ர் எண்ணெய் வயலில் பரந்த நாணற் படுகைகள் நாள்தோறும் ஒரு லட்சம் கன மீட்டருக்கு மேற்பட்ட எண்ணெய் கலந்த நீரைத் தூய்மை செய்கின்றன. இது பெரிய சாதனைதான். ஆனால் அங்கே எண்ணெயில் பெரும்பகுதியை முதலில் பொறிகள் பிரித்தெடுத்துவிடுகின்றன. எஞ்சிய சிறு அளவே, கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில், நாணலுக்குப் போய்ச் சேர்கிறது. செடியின் தாங்கும் எல்லைக்குள் வேலை நடக்கிறது.

ஆகவே 'சதுப்புத் தாவரங்கள் எண்ணெயைச் சிதைக்கும்' என்னும் வாக்கியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. எண்ணெயின் அளவு வேரின் மூச்சை அடைக்காத வரைக்கும் அது மெய். அளவு மிஞ்சினால் அதே வாக்கியம் தவறான ஆறுதலாக மாறிவிடுகிறது. நிபந்தனையை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வது தொழிற்சாலைக்கு வசதி. அலையாத்திக்கு அது வசதி ஆகாது.

சேறு மறப்பதில்லை

இது வெறும் ஊகமா? மூன்று நாடுகளின் அனுபவத்தைப் பார்ப்போம்.

1969 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், மேற்கு பால்மவுத் கரைக்கு அருகே 'புளோரிடா' என்னும் எண்ணெய்த் தோணி பாறையில் மோதியது. ஏறத்தாழ 7 லட்சம் லிட்டர் டீசல் வகை எண்ணெய் கொட்டியது. பெரிய கப்பல் விபத்துகளோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் அருகிலேயே உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையம் இருந்ததால் அச்சதுப்பு பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராயப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் சேற்றில் குழாய் இறக்கி மாதிரி எடுத்தபோது, ஒரு சாணுக்கும் குறைந்த ஆழத்தில் எண்ணெய் இன்னும் இருந்தது. மேலே புல் பச்சையாகவே நின்றது! கீழேயோ அதன் வேர்த்தொகுதி குறைந்திருந்தது. அங்கு வளை தோண்டும் பிடில் நண்டுகள் எண்ணெய் அடுக்கை அணுகியதும் தோண்டுவதை நிறுத்திக்கொண்டன. அவற்றின் வளைகள் தூய சதுப்பின் வளைகளைப்போல் ஏறக்குறைய பாதி ஆழமே இருந்தன. நண்டு வளை என்பது சேற்றுக்குக் காற்று கொண்டுபோகும் சுரங்கம். அது சுருங்கினால் எண்ணெய் சிதைவதும் தாமதப்படும். எண்ணெய் நண்டை விரட்ட, நண்டு இல்லாததால் எண்ணெய் நிலைக்க, இப்படியே ஒன்று மற்றொன்றை நீட்டிக்கிறது.

1986 ஏப்ரலில் பனாமாவில், கரீபியக் கரையிலுள்ள ஒரு சுத்திகரிப்பு ஆலையின் சேமிப்புத் தொட்டி உடைந்து சுமார் 80 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கடலோர அலையாத்திக் காட்டில் புகுந்தது. அங்கும் ஒரு நற்பேறு: பக்கத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வகம் இருந்தது, கசிவுக்கு முந்திய நிலை பற்றிய பதிவுகள் கையில் இருந்தன. ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அலையாத்திச் சேற்றிலிருந்து எண்ணெய் கசிந்து நீரில் கலந்துகொண்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். செத்த மரங்களின் வேர்கள் அழுகிக் குழியாக, சேறு அரிக்கப்பட்டு, புதைந்த எண்ணெய் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டது. நட்ட கன்றுகளையும் அது தாக்கியது.

மூன்றாவது அனுபவம் பிரான்சினுடையது. 1978 மார்ச்சில் 'அமோக்கோ காடிஸ்' கப்பல் உடைந்து பிரித்தானிக் கரையில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. இல் கிராந்து என்னும் இடத்துச் சதுப்பை எந்திரங்களைக் கொண்டு தீவிரமாகச் சுத்தம் செய்தார்கள்; எண்ணெயோடு மேல்மண்ணும் செடிகளும் அகற்றப்பட்டன. முடிவு என்ன? சுத்தம் செய்யாமல் விட்ட சதுப்புகள் சுமார் ஐந்து ஆண்டுகளில் தேறின. சுத்தம் செய்யப்பட்ட சதுப்பு தேற அதைவிடக் கூடுதல் ஆண்டுகள் ஆயின.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சங்கடமான முடிவுக்கு வருகிறோம். எண்ணெய் சேற்றுக்குள் போனபின் விட்டுவைத்தாலும் தீங்கு; தோண்டினாலும் தீங்கு. மிஞ்சுவது ஒரே வழி: சேற்றைத் தொடும் முன் தடுப்பது.

எண்ணூர் சொல்வது

இந்த அளவுகோலோடு நம் எண்ணூரை நோக்குவோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகம் அது. வெண்கண்டல் மரங்கள் உள்ள அக்கழிமுகம் அனல் மின் நிலையங்களின் சாம்பலால் முன்னரே நலிந்திருந்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கனமான எண்ணெய் கரையொதுங்கியது. மீட்புப் பணியாளர்களும் மாணவர்களும் அதை வாளிகளால் அள்ளிய காட்சியை நாடே கண்டது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் பெருமழையில் மணலிப் பகுதி வெள்ளக்காடானது. அங்குள்ள சென்னைப் பெட்ரோலியக் கழகத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் கடலையும் அடைந்தது. வானிலிருந்து பார்வையிட்ட கடலோரக் காவல் படை, படலம் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதாக மதிப்பிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் கறுத்துத் தவித்தன. மீனவர்களின் படகுகளும் வலைகளும் பாழாயின. மீனவர்களே குவளையும் வாளியும் கொண்டு எண்ணெயை அள்ளும் பணியில் இறங்கினர்.

அம்மாத இறுதிக்குள் நூறு கிலோலிட்டருக்கு மேல் எண்ணெய் கலந்த நீரும், ஏறத்தாழ 400 டன் எண்ணெய்க் கசடும் அகற்றப்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டது. உழைத்தவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. கணக்கின் தன்மையைத்தான் கேள்விக்கு உட்படுத்துகிறோம். 'எண்ணெய் கலந்த நீர்' என்பதில் எண்ணெய் எத்தனை பங்கு, நீர் எத்தனை பங்கு? 'கசடு' என்பதில் எண்ணெய் எவ்வளவு, வேரோடு சேர்ந்த சேறு எவ்வளவு? எடை கூடக் கூடப் பணி வெற்றி என்று தோன்றுகிறது. ஆனால் அந்த எடையில் வேர்மண்டல மண்ணும் அடங்கியிருக்குமானால், அள்ளப்பட்ட ஒவ்வொரு டன்னிலும் சதுப்பின் ஒரு பகுதியும் வெளியேறியிருக்கிறது. ஈரச் சேற்றில் நடக்கும் ஒவ்வொரு காலடியும் எண்ணெயைச் சிறிது ஆழத்துக்கு அழுத்துகிறது என்பதையும் மறக்கலாகாது.

காலம் என்பது மற்றொரு குறை. எண்ணெய் நீரில் மிதக்கும் முதற்சில நாட்களே தடுப்புக்கு உரிய நாட்கள். ஓடைகளின் வாயில் மிதவைத் தடுப்புகளைக் கட்டினால் எண்ணெயை அலையாத்திக்கு வெளியே நிறுத்தலாம். எண்ணூரில் மிதவைகளும் உறிஞ்சு பொறிகளும் வந்து சேர்வதற்குள் ஏற்றவற்றம் பலமுறை எண்ணெயை மூச்சுவேர்களின் மேல் பூசிவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே கரையில் வாளிகளைக் கண்ட நாம், இரண்டாம் முறையும் வாளிகளையே கண்டோம். முதல் விபத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தால், ஆலைகள் சூழ்ந்த அக்கழிமுகத்தில் மிதவைகள் எப்போதும் ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும். மழைக்கால வெள்ளம் அங்கு எதிர்பாராத ஒன்றன்று.

இதில் பாதிக்கப்படுவோர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் சமூகத்தினர் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். படகில் செல்பவருக்கு நீர்மட்டம் தெளிந்தால் போதும் என்று யாரேனும் வாதிடலாம். சேற்றுக்குள் கைவிட்டுப் பிழைப்பவருக்கு அந்த வாதம் செல்லாது. அவருடைய கை எட்டும் ஆழமும், நண்டின் வளை எட்டும் ஆழமும், வேர்மண்டலமும் ஒன்றே.

என்ன கேட்க வேண்டும்?

குறை கூறுவதோடு நில்லாமல், ஓர் எண்ணெய்க் கசிவு அறிக்கையில் வாசகர் எதைத் தேட வேண்டும் என்பதையும் கூறுவது கடமை.

ஒன்று: சேற்றில் குழாய் இறக்கி, இரண்டிரண்டு சென்டிமீட்டராக அறுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் எண்ணெய் எவ்வளவு என்று அளந்தார்களா? மேற்பரப்பு நீரின் மாதிரி இதற்கு ஈடாகாது.

இரண்டு: மொத்த அளவோடு எண்ணெயின் வகையையும் பார்த்தார்களா? பாக்டீரியாக்கள் நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களை முதலில் உண்டு, கிளைச்சங்கிலி உடையவற்றைப் பின்னுக்கு ஒதுக்குகின்றன. இவ்விரண்டின் விகிதம் நாளடைவில் மாறினால் எண்ணெய் உண்மையில் சிதைகிறது என்று பொருள். விகிதம் மாறாமலே அளவு குறைந்தால் எண்ணெய் வேறிடத்துக்கு அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம்.

மூன்று: வேரைத் தோண்டிப் பார்த்தார்களா? வேரின் எடை, அதன் துரு நிறம், மூச்சுவேர்களின் எண்ணிக்கை, நண்டு வளைகளின் ஆழம் ஆகியவற்றை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஓர் அளவுகோலும் பொறுமையும் உள்ள கல்லூரி மாணவர் செய்யலாம்.

நான்கு: எத்தனை மழைக்காலம் தொடர்ந்தார்கள்? ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் சேற்றைக் கிளறும். ஓராண்டில் முடியும் ஆய்வு முதல் அத்தியாயத்தோடு மூடிய புத்தகம்.

ஐந்து: ஒப்பிடுவதற்குக் கசிவுக்கு முந்திய பதிவு உண்டா? பனாமாவுக்கும் பால்மவுத்துக்கும் ஆய்வகம் அண்டையில் இருந்தது. நமக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அலையாத்திக் காடுகளும் உண்டு. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் பழவேற்காட்டிலும் சேற்றின் இன்றைய நிலையை விபத்து நேரும் முன்பே பதிந்து வைப்பது வீண் செலவு ஆகாது.

இக்கேள்விகள் கடற்கரைக்கு மட்டும் உரியவையல்ல. கீழ்பென்னாத்தூர் போன்ற ஏரிக்கரை ஊர்களில் சுத்திகரிப்பு ஆலை இல்லை. ஆனால் எந்த ஊரிலும் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை உண்டு. டீசல் எஞ்சின் உண்டு. டிராக்டரிலிருந்து வடித்த பழைய ஆயில் உண்டு. அதை வாய்க்கால் ஓரத்தில் ஊற்றுபவர் அடுத்த மழையில் அது காணாமற்போவதைக் கண்டு, தீங்கு தீர்ந்தது என்று நினைக்கிறார். அது மழைநீரோடு ஏரிக்குள் போய்க் கோரையின் அடியிலோ, மதகு வழியே வயலுக்குப் போய் நெல்லின் அடியிலோ தங்குகிறது. அளவு சிறிதாக இருந்தால் வேர்மண்டலம் அதைச் சமாளிக்கும். மேலே கண்ட நிபந்தனை இங்கும் பொருந்தும். ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போனால் எந்த இடத்தில் எல்லை மீறும் என்பதை நீர்ப்பரப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பழைய ஆயிலைத் தகரத்தில் சேர்த்து வைத்து மறுசுழற்சிக்கு விற்றுவிடுவது ஏரியை ஆராய்வதைவிட எளிது.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை எங்கேனும் எண்ணெய் கொட்டி, 'இத்தனை லிட்டர் அகற்றப்பட்டது' என்ற செய்தியைப் படிக்கும்போது அத்தோடு தாளை மடித்துவிடாதீர்கள். சேற்றைப் பற்றி ஒரு வரியாவது அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் மாவட்டத்துக் கல்லூரியையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும், செய்தி வெளியிட்ட பத்திரிகையையும் எழுத்து மூலம் கேளுங்கள். வேரின் நிறம் என்ன, நண்டு எவ்வளவு ஆழம் தோண்டுகிறது என்று கேட்கும் உரிமை நெல் விளைவிப்பவருக்கும் உண்டு. இறால் தடவுபவருக்கும் உண்டு.